லூர்து வராத பாருக்கு நான் வைத்த பெயர்

என் மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஜப்பானில் செய்த வீடியோ கேம்களை ஆங்கிலத்துக்கு மாற்றுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. தாளின் இடது பக்கம் அந்த விளையாட்டில் வருகிற ஊர், மலை, குளங்களின் ஜப்பானியப் பெயர்களும் அவற்றின் பொருளும். வலது பக்கம் இவள் வைத்திருக்கும் புதுப் பெயர்கள். 'தாய் காத்திருந்த மேடு' என்று பொருள்படுகிற ஓர் ஊர் வலது பக்கம் வரும்போது 'சன்னி ஹில்' ஆகிவிட்டது. வெயிலடிக்கும் குன்று. காத்திருந்த தாயைக் காணோம்.

"ஏம்மா இப்படி மாத்துறீங்க?" என்று காலையிலேயே கேட்டேன்.

"திரையில பேருக்கு ஒரு சின்னக் கட்டம்தான்ப்பா இருக்கு. பத்துப் பன்னெண்டு எழுத்துக்கு மேல போனா வெளிய வழிஞ்சிரும். அந்த ஊர்க் கதை தெரியாதவங்களுக்கு அந்தப் பேரு வெறும் சத்தம். சோகமான பேருன்னா விளையாடுறவங்களுக்குப் பிடிக்கவும் செய்யாது. வாயில வர்ற மாதிரி, நல்லதா ஒண்ணு வச்சாகணும்" என்றாள்.

எல்லாமே நியாயமான காரணங்கள். எழுபதுகளில் இதே காரணங்களை நானும் சொல்லிக்கொண்டவன்தான். எனக்கு நானே. அவள் போன பிறகு தாளைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தாலும், முத்தும் சங்கும் விளைகிற பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, அளந்து வரைபடம் போட ஓர் அலுவலகம் வந்தது. அதில் நான் தற்காலிகக் கிளார்க். நாசரேத்துக்காரன். இங்கிலீஷ் தெரியும், டைப் அடிக்கத் தெரியும், கடல் தெரியாது. நீ புன்னைக்காயலில் சங்கு குளிக்கிறவன், எங்கள் படகுக்கு வழிகாட்டி. நீ இடத்தின் பெயரைச் சொல்லுவாய், நான் நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான் நம் இருவருக்கும் வேலை.

முதல் மூன்று நாள் என்னைச் 'சார்' என்றாய். நாலாம் நாள் அலையில் என் குடல் புரண்டு உன் மடியிலேயே வாந்தியெடுத்துவிட்டேன். "ஏலே கிளார்க்கு, காலையில இம்புட்டையும் யாருலே ஒன்னத் திங்கச் சொன்னது?" என்று கடல் தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்துவிட்டுச் சிரித்தாய். அதோடு சார் ஒழிந்தது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. மில்லர்புரத்தில் ஒற்றை அறையில் கிடந்தவனை அந்த ஊரில் 'ஏலே' என்று கூப்பிட நீ ஒருவன்தான் இருந்தாய்.

கரையைப் பார்த்தே கடலடியைச் சொல்லுவாய். கோயில் கோபுரம் இந்தப் பனைக்கு நேரே வந்தால் இந்தப் பார், அந்தப் பனைக்கு நேரே வந்தால் அந்தப் பார். ஒரு நாள் அப்படி ஓரிடம் வந்ததும் படகில் பேச்சு நின்றது. நீ தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "லூர்து" என்று ஒரு தடவை உரக்கச் சொன்னாய். மற்றவர்களும் சொன்னார்கள்.

"எந் தம்பி. இங்கன எறங்கினவன் மேல வரல. இது லூர்து வராத பாரு" என்றாய்.

உடல் கிடைக்காதவனுக்குக் கல்லறை கிடையாது. அதனால் அவன் போன இடத்துக்கே அவன் பெயரை வைத்து, கடக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போவது உங்கள் ஆட்களின் வழக்கம். கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்ற, உன் அம்மை மட்டும் கடற்கரை மணலில் ஏற்றுவாள் என்றாய்.

"அம்மைக்கு இந்தப் பேருதாம்லே கல்லறை. அதோட, இங்கன அடி நீவாடு ஆள உள்ள இழுத்துரும். பேரக் கேட்டா வெளியூர்க்காரங்கூட எறங்க மாட்டான். சரியா எழுதிக்க."

நீவாடு என்றால் நீரோட்டம். சரியாகத்தான் எழுதினேன், தமிழ் நோட்டில்.

அச்சுக்குப் போகிற ஆங்கிலப் பட்டியலில் பெயருக்கு ஒதுக்கிய இடம் பன்னிரண்டு எழுத்து. உன் தம்பியின் பார் அதில் அடங்கவில்லை. அதிகாரியிடம் கொண்டுபோனேன். "மேப்புல சாவு எதுக்குய்யா? கட்டத்துக்குள்ள அடங்குற மாதிரி நல்ல பேரா ஒண்ணு போடும்" என்றார். வெறுமனே 'லூர்து பார்' என்று அடித்திருந்தாலும் அடங்கியிருக்கும். ஆனால் நல்ல பெயர் வேண்டும் என்றாரே. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதைவிட வேறு சமயம் கிடைக்காது என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர்க் கல்லறைக் கற்களில் தவறாமல் இருக்கிற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்தது. 'பீஸ் பேங்க்' என்று அடித்தேன். சமாதானத் திட்டு. லூர்துவுக்கு ஒரு கல்லறைக் கல் வைத்துவிட்ட திருப்தி எனக்கு. அதிகாரி "பலே" என்றார். நீவாட்டைப் பற்றி ஒரு வரியும் நான் சேர்க்கவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை.

மறு வருஷம் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து சங்கு குளிக்க ஆட்கள் வந்தார்கள். பெயரைப் பார்த்து, இதுதான் அமைதியான இடம் என்று முதலில் அங்கேயே இறங்கினார்கள். ஒருவன் மேலே வரவில்லை. நீ கேள்விப்பட்டதும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், பொழுது சாய்கிறவரை முங்கி முங்கித் தேடியிருக்கிறாய். உன் தம்பி கிடைக்காத மாதிரியே அவனும் கிடைக்கவில்லை.

பழி உன் மேல் விழுந்தது. பெயர்களைச் சொன்னவன் நீதானே. அந்த ஆட்களும், "உங்க ஊர் ஆளு சொன்ன பேருதான் இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். செத்த தம்பியின் பெயரை அழித்து, கொல்லுகிற இடத்துக்கு நல்ல பெயர் சொல்லிக் கொடுத்தவன் என்று ஊர் பேசியது. உன் அம்மை உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

நீ மில்லர்புரத்துக்கு என் அறையைத் தேடி வந்தாய். நல்ல உச்சி வெயில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் என்ன பேரு சொன்னேன், நீங்க என்ன பேரு போட்டீங்க சார்?"

சொன்னேன். காரணங்களையும் சொன்னேன். கட்டம், எழுத்து, அதிகாரி, எங்கள் ஊர்க் கல்லறை. நீ முழுதையும் கேட்டாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாரும் தொறைக்கு வருவாவ. அம்மையையும் கூட்டிட்டு வாரேன். பேர மாத்தினது நான்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார். எங்கூட எவனும் படகேற மாட்டேங்கான்."

"கட்டாயம் வாரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறியதும் உண்மை. ஆத்தூரில் இறங்கினேன். அங்கிருந்து உன் ஊர் பக்கம்தான். ஆனால் பட்டியலை மாற்றியது அலுவலகத்துக்குள் நடந்தது என்று வெளியே தெரிந்தால் என் சீட்டு கிழிந்துவிடும் என்று அதிகாரி முந்தின நாளே எச்சரித்திருந்தார். வேலை நிரந்தரமாகிற நேரம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே லாரியில் வெற்றிலைக் கட்டு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லாரி நிறைந்து கிளம்பிப் போயிற்று. பூசை முடிகிற நேரமும் தாண்டிப் போயிற்று. அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டேன். நான் கோழை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேறு சொல் இல்லை.

வேலை நிரந்தரமாயிற்று. மெட்ராஸுக்கு மாற்றலும் வாங்கிக்கொண்டேன். நீ கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டாய் என்று அலுவலகத்துப் பியூன் ஒருவர் பிற்பாடு சொன்னார். பாரில் குளித்தவன் மூட்டை தூக்கினாய். அதைக் கேட்டும் நான் ஒரு கார்டு போடவில்லை.

நீ போய்விட்ட செய்தியும் சுற்றித்தான் வந்தது. போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேன். பழைய அலுவலகத்து ஆள் என்று மட்டும் சொன்னேன். உன் மனைவி காப்பி கொடுத்தார். "மாமி கண்ண மூடுத வரைக்கும் அவுககிட்ட ஒரு பேச்சு பேசல" என்று உன் அம்மையைப் பற்றித் தானாகவே சொன்னார். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தேன். படகுகள் நிற்கிற இடத்தில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இந்த இடத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். எழுதி வைக்கிற பழைய பழக்கம்.

"இதுவா? சார் வராத தொறை."

"எந்த சார்?"

"யாருக்குத் தெரியும்? எங்க அம்ம காலத்துலருந்தே அப்படித்தான் சொல்லுதாவ. எவனோ ஒரு சாரு வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டானாம். ஊரே பொழுது சாயுத வரைக்கும் காத்துக் கெடந்துச்சாம்." கருவாட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க யாரத் தேடி வந்திருக்கீங்க அண்ணாச்சி?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நீ வரச்சொன்ன அதே இடம்.

"யாரையும் இல்லம்மா, சும்மா கடல் பாக்க வந்தேன்" என்றேன்.