பார்த்தும் பார்க்காமல் போனதற்கு

அன்பு மகள் பாரதிக்கு அம்மா எழுதுவது.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கௌசர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கௌசரின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்யும் இல்லை, அந்த அம்மா கீழே இருமிக்கொண்டுதான் இருக்கிறார். கௌசர் மகள் புஷ்ரா மதியம் சென்னைக்குக் காலேஜுக்குக் கிளம்புகிறாள். அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

கௌசர் போனிலேயே பேசக் கூடாதா என்று கேட்பாய். பேசினால் நீ அழுவாய், நான் அழுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவோம். என் போன் என்னிடம் இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக உன் மாமா சொல்கிறான். நல்லா இருந்த போனுக்கு என்ன ரிப்பேர் என்று நான் கேட்கவில்லை. கூடப் பிறந்த தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கப் பயப்படுகிறேன் பாரதி. ஜெயப்பிரகாஷை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கில் நான் உன்னைப் பார்த்தேன். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாய், ஆனாலும் இடது தோளைச் சாய்த்து நீ நடக்கிற நடையை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். ஏழு மாத வயிற்றோடு அந்த வெயிலில் வந்தவளை அம்மா 'போயிடு' என்று சொல்லி நாயை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டாள் என்று கௌசரிடம் அழுதாயாம். விரட்டினேன்தான். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வருஷா வருஷம் மே மாதத்தில் எங்கள் ஷூ கம்பெனியில் ஆட்களை டூர் அழைத்துப் போவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் சென்னைக்குப் போகிற வழியில் இருக்கிற தீம் பார்க் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன் வீட்டிலிருந்து அது பக்கம். பெண்கள் துணி மாற்றுகிற அறைக்குள் ஆண்கள் யாரும் வர முடியாது, நீ அங்கே வந்துவிடு, கௌசர் வெளியே காவல் நிற்கட்டும், நாம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம் என்று திட்டம் போட்டது நான்தான். எனக்கு இருக்கிற மூளைக்கு அதுவே பெரிய திட்டம்.

கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து கௌசரின் மாமியாருக்கு மூச்சு வாங்கி, அவளால் வர முடியாமல் போனது. உன் நம்பர் அவள் போனில்தான் இருந்தது. என் போனைத் துழாவுகிறவர்கள் ஜாஸ்தி என்று நான் அந்த நம்பரை எங்கேயும் எழுதி வைத்துக்கொண்டதில்லை, மனப்பாடமும் செய்யவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், உன் மாமா ஏறி வருகிறான். தண்ணீரில் ஆட்டம் போட நான் என்ன சின்னப் பையனா என்று வருஷா வருஷம் வீட்டில் தூங்குகிறவன், இந்த வருஷம் பெயர் கொடுத்திருக்கிறான். அக்காவுக்குத் துணையாக வருகிறானாம்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். உனக்கு ஒரு ஜோடி செருப்பு எடுத்து வைத்திருந்தேன். எங்கள் லைனில் தைத்தது, உள்பக்கம் ஒரு தையல் விட்டுப்போனதால் ரிஜெக்ட் ஆகி, ஆட்களுக்கே கம்மி விலையில் கொடுத்தார்கள். ஹீல் இல்லாதது, உள்ளங்காலுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். உனக்கு முப்பத்தாறாம் சைஸ்தான், ஆனால் மாசமாக இருக்கும்போது கால் வீங்குமே என்று முப்பத்தேழு எடுத்தேன். என் வயிற்றில் நீ இருந்தபோது உங்கப்பா செருப்பைத்தான் நான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பையை மேலே வைக்கிறேன் என்று வாங்கியவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டான். 'இன்னாக்கா இது, யாருக்கு?' என்றான். கௌசர் மகளுக்கு என்றேன். 'புஷ்ராவுக்கு நாப்பது வேணுமே, போன ரம்ஜானுக்கு நான்தான எடுத்துக் குடுத்தேன்' என்றான். நம் ஊரில் யாரிடமும் காலைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ. அவன் லாஸ்டிங்கில், கால் அச்சில் தோலை இழுத்து மாட்டுகிற வேலையில், பதினைந்து வருஷமாக நிற்கிறவன், தெருவில் போகிறவளின் பாதத்தைப் பார்த்தே சைஸ் சொல்வான். எனக்கு முப்பத்தொன்பது. நம் வீட்டில் வேறு பொம்பளை கிடையாது. வண்டி வேலூரைத் தாண்டுகிற வரைக்கும் அவன் அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் என் பக்கம் குனிந்து, மெதுவாக, 'காலு ரொம்ப வீங்கிடுச்சாக்கா அவளுக்கு?' என்று கேட்டான்.

நீ மாசமாக இருப்பது அதுவரை அவனுக்குத் தெரியாது. நான் வாங்கிய செருப்பே அதை அவனிடம் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு பார்க்கில் கழிந்த அந்தப் பகலை என்னவென்று எழுதுவது. கத்திரி வெயில். வேலூர் வெயிலில் வெந்தவள்தான் நான், ஆனால் அன்றைக்குச் சிமெண்டுத் தரையில் காலை வைத்தால் தோசைக்கல்தான். எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் நைலான் துணியை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு அலைக்குளத்தில் இறங்கிக் கத்தினார்கள். வாங்கக்கா, வாங்கக்கா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தண்ணியில கண்டம் என்று கேலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். ஆயிரம் பேர் சிரிக்கிற இடத்தில் நான் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன்.

உன் மாமா துணி மாற்றுகிற அறைக்கு எதிரே, ஐஸ்கிரீம் கடை நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டான். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கம்பெனி ஆட்கள் இல்லை, நம் பஸ்ஸில் வந்தவர்களும் இல்லை. ஒருத்தன் கையில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். உன் மாமா போனை எடுத்து அவர்களுக்கு எதையோ காட்டினான். உன் போட்டோவாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது.

உனக்குச் சொல்ல வழியில்லை. என் போன் அப்போதே ரிப்பேருக்கு என்று போயிருந்தது, நம்பரும் இல்லை, வாசலுக்குப் போய் நிற்கலாம் என்றால் அவன் பின்னாலேயே வருவான். ஆகவே அவன் நாற்காலியிலிருந்து தெரியாத, நீ உள்ளே வருகிற பாதையும் எனக்குத் தெரிய வேண்டும், அவன் கண்ணிலும் நான் இருக்க வேண்டும் என்று அந்தப் பாதை வளைகிற திருப்பத்தில் வெட்டவெயிலில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவன் வேறு பக்கம் பார்க்க மாட்டான். காவலுக்கு இருந்த பெண், நிழலில் உட்காருங்கம்மா, மயக்கம் போட்டுடுவீங்க என்று மூன்று தடவை வந்து சொன்னாள். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா, ஏதாவது பண்ணிக்கப் போறீங்களா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லம்மா, வெயில் காயறேன் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். நீ வரக் கூடாது, பஸ் கிடைக்கக் கூடாது, தலைவலி வந்து வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். நீ மாசமாக இருக்கிறாய் என்று கேட்டதிலிருந்து நாலு மாதமாக உன்னைப் பார்க்கத் துடித்தவள் அப்படி வேண்டிக்கொண்டேன்.

நீ வந்தாய். பச்சைச் சுடிதார், வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு. அந்த இரண்டு பேரும் அப்போது சாப்பிடப் போயிருந்தார்கள். மகமாயி அவர்களுக்குப் பசியைக் கொடுத்தாள். நான் எழுந்து நேராக உன்னைப் பார்த்து நடந்தேன். நீ துப்பட்டாவை இறக்கிச் சிரிக்கப் போனாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் உன்னை இடித்துத் தாண்டிக்கொண்டு, 'போயிடு' என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனேன். திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் உன்னைப் பார்த்திருப்பான்.

நினைத்தபடியே அவன் எழுந்து, ஐஸ்கிரீம் கடைக்குப் பின்பக்கமாகக் குறுக்கு வழியில் என் பின்னால் வந்தான். நீ நான் போகிற பக்கம் எங்கேயோ ஒளிந்திருக்கிறாய், உன்னைத் தேடித்தான் நான் வேகமாகப் போகிறேன் என்று நினைத்திருப்பான். அவனை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் ஜெயண்ட் வீல் வரிசையில் நின்றேன். தனி ஆளை ஏற்ற மாட்டோம் என்றான் அங்கிருந்தவன். ஊரிலிருந்து இதற்காகவே வந்தேன் தம்பி என்று கெஞ்சினேன். மொட்டைமாடியில் வடகம் காயப்போடவே கால் நடுங்குகிறவள் அந்தப் பெட்டியில் ஒண்டியாக ஏறினேன். மேலே போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னைத் தேடினேன். பச்சை நிறம் அந்தத் திருப்பத்திலேயே அசையாமல் நின்றது. போடி, போடி என்று மேலேயிருந்து கத்தினேன். எல்லோரும் கத்துகிற இடம்தானே, யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அடுத்த சுற்றில் நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாய். கீழே அவன் என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். நீ வெளியே போகிற வரைக்கும் இந்த ராட்டினத்தை நிறுத்தாதே என்று வேண்டிக்கொண்டேன். இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மோர் பாக்கெட் பிரித்துக் கொடுத்தான். 'அவ வரலையா? பரவால்ல விடு. பேஜார் பண்ணிக்காத' என்றான். செருப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'நானே குடுத்துடறேன்கா' என்றான். அது இப்போது அவன் வீட்டில் இருக்கிறது. யாராவது பெட்டியோடு வந்து அம்மா கொடுத்தனுப்பினாள் என்று சொன்னால் கதவைத் திறக்காதே.

உன் கல்யாணம் முடிந்த வாரம் அவன் சுதாகர் வீட்டுக் கதவை உடைத்ததும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து அவர்கள் ஜனங்களை ஜாதி சொல்லிப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசியதும் உனக்குத் தெரியும். அப்போதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை. கத்துகிறவன் கத்திவிட்டுப் போய்விடுவான். இப்போது கத்துவதில்லை, சிரிக்கிறான். ஒன்பதாம் மாதம் உனக்கு வளைகாப்பு வைக்கலாம், தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி, நானே போய் அழைத்து வருகிறேன் என்கிறான். உங்கப்பாவும் சரி என்றுவிட்டார். உங்கப்பா கெட்டவர் இல்லை பாரதி. ஆனால் யார் என்ன முடிவெடுத்தாலும் தலையாட்டிவிட்டு டேனரி வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, 'கொழந்தைன்னு ஒண்ணு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது மாமா, அதுக்கு முன்னாடியே முடிச்சுடணும்' என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கப்பா ரசம் கேட்டார்.

நீ கௌசரிடம், ஊருக்கு வந்து அம்மா காலில் விழப் போகிறேன் என்றாயாம். இதைப் படித்த பிறகும் அந்த நினைப்பு இருந்தால் நான் அந்த ராட்டினத்தில் ஏறியது வீண். வீட்டை மாற்றுங்கள். இந்த வாரமே மாற்றுங்கள், எங்கே என்று கௌசருக்குக்கூடச் சொல்ல வேண்டாம். போலீஸில் எழுதிக் கொடுங்கள். பெயர் கேட்டால் ஜெயப்பிரகாஷ் என்று எழுது, தாய்மாமன் என்று எழுது. அவன் என் தம்பி, ஆனாலும் எழுது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, அவர்களிடம் காட்டு. என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் எந்த ஸ்டேஷனிலும் வந்து சொல்கிறேன்.

எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்வார்கள், நம்பாதே. உண்மையாகவே முடியாமல் போனாலும் வராதே. செத்துவிட்டேன் என்று சொன்னாலும், மாலை போட்டுப் படுக்க வைத்த போட்டோவை அனுப்பினாலும் வராதே. என்னை எடுத்துப் போட ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள்.

சுதாகரிடம் இதைப் படித்துக் காட்டு. மாப்பிள்ளை என்று நான் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாப்பிள்ளையை ஜாக்கிரதையாக இருக்கச் சொல், இருட்டுகிற முன்னால் வீட்டுக்கு வந்துவிடச் சொல். மகமாயி உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

பிரசவம் ஆனதும் எனக்குச் சொல்லியனுப்பாதே அம்மா. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாதே. தெரிந்தால் என் முகத்தில் தெரிந்துவிடும், அவன் பார்த்துவிடுவான்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
விஜயகுமாரி