காலை நிலாவுக்கு இரண்டு மதிப்பெண்

ஜூலை 14, திங்கள்

உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக எங்கள் பள்ளிக்கூடம் எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியைக் குடோனுக்கு அனுப்புகிறது.

குடோன் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பலகையில் ‘சிறப்புப் பயிற்சி அறை’ என்றிருக்கும். கழிப்பறைக்குப் பக்கத்தில், முன்பு உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்த அறை. வருடத் தொடக்கத்தில் மேலலுவலகம் ஒரு தேர்வு வைக்கிறது. நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு வருடம் முழுக்க அந்த அறைதான். தனி ஆசிரியர் கிடையாது. யாருக்கு அந்த மணி ஓய்வோ அவர் போய் உட்கார்ந்து, ‘சத்தம் போடாதே’ என்று சொல்லிவிட்டு வருவார். நானும் போயிருக்கிறேன். நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

நான் நடத்தும் மூன்றாம் வகுப்பிலிருந்து இந்த முறை ஒரே பெயர். குருவி. ஆள் ஒல்லி, ஓரிடத்தில் உட்காரமாட்டாள், அதனால் வந்த பெயர். மதிப்பெண் முப்பத்தெட்டு. அந்த இரண்டு எங்கே போனது என்று விடைத்தாளைப் புரட்டினேன்.

‘நிலா இரவில் மட்டுமே தெரியும். சரியா, தவறா?’

‘தவறு’ என்று எழுதியிருக்கிறாள். யாரும் கேட்காமலே பக்கத்தில் ஒரு வரி: ‘காலையிலும் இருக்கும் நான் பார்த்தேன்.’ அதன் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. மேலலுவலகம் அனுப்பிய விடைக்குறிப்பில் ‘சரி’ என்றுதான் இருக்கிறது.

மற்ற முப்பத்து மூன்று பேரும் ‘சரி’ எழுதி இரண்டு வாங்கிக்கொண்டார்கள். பள்ளி வேனில் வரும்போது அவர்கள் தலைக்கு மேலும் அதே நிலாதான். ஆனால் தப்பை மனப்பாடம் செய்யவைக்க அவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. குருவியின் அம்மா பஸ் நிலையம் கூட்டுகிறவள். வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று விடியற்காலையில் மகளையும் கையோடு கூட்டிப்போகிறாள். அவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

ஒன்பது மணிக்குத் தாளோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

“மேடம், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. தண்ணி டேங்குக்கு மேல நிலா நிக்குது.”

“நிக்கட்டும்மா. விடைக்குறிப்பு நான் அடிச்சதா? மேலருந்து வந்தது.”

“நிலாவும் மேலருந்துதான் மேடம் வருது.”

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “வெள்ளிக்கிழம வரைக்கும் அவ பையை உன் வகுப்புலயே வச்சுக்க. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது.”

ஜூலை 15, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். “கோவப்படறதுக்குன்னே உனக்கு ஒரு பீரியட் போட்டுக் குடுக்கச் சொல்லுடி” என்றாள்.

ஜூலை 16, புதன்

இன்று பூமி, சூரியன், நிலா. ஜன்னல்களைப் பழைய வரைபடங்களால் மூடினேன். மேசைமேல் ஒரு குண்டு பல்பு, அதுதான் சூரியன். வெள்ளைக் காகிதம் சுற்றிய ரப்பர் பந்து நிலா. பூமியாக நிற்க எல்லோருக்கும் ஆசை. அடிதடி. கடைசியில் வகுப்பிலேயே பருமனான பெண்ணைத்தான் பூமியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அதில் பெருமைப்பட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றினாள். நான் பந்தை அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். தலையின் நிழல் பந்தில் விழுந்தது. “பாத்தீங்களா? பூமியோட நிழல் கொஞ்சம் கொஞ்சமா மறைக்குது. அதான் தேய்பிறை. நிழல் விலகினா வளர்பிறை.” கைதட்டினார்கள். பாடம் நன்றாகவே போனது.

குருவி மட்டும் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நிழல் எந்தப் பக்கம் விழும்?”

“சூரியனுக்கு எதிர்ப்பக்கம்.”

“காலைல சூரியன் அந்தாண்ட இருந்துச்சு. நிலா என் தலைக்கு மேல, ஒரு பக்கம் தேஞ்சு போய் இருந்துச்சு. அப்ப நிழல் வளைஞ்சா போகும்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம். “உக்காரு. அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்” என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள்.

நிழல் வளைந்தா போகும்? நல்ல கேள்வி. பதில் ஏதாவது இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். “இவ்வளவு சீக்கிரம் யாரைத் திட்டப் போற?” என்றாள் அக்கா.

பஸ் நிலையத்தில் வெயில் அப்போதுதான் தரையில் நீளமாக விழுந்திருந்தது. குருவியின் அம்மா ஆறாவது நடைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிக் கைப்பிடியில் புத்தகப் பை தொங்கியது. குருவி சிமெண்ட் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“டீச்சரா? எந்த ஊர் பஸ்ஸு?”

“பஸ்ஸுக்கு வரலக்கா. நிலா பாக்க வந்தேன்.”

அவள் விளக்குமாற்றைத் தரையில் தட்டிவிட்டுச் சிரித்தாள். “பெரிய மனுசங்கள்லாம் நிலா பாக்க வேற நேரமில்லையா? சரி, இவ எதாவது வாய்க் கொழுப்பா பேசிட்டாளா? நேத்து வந்து, ‘டீச்சருக்கு நிழல் தெரியலம்மா’ங்கறா. டீச்சரையே சொல்றியாடின்னு வாயிலயே ஒண்ணு போட்டேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். நிலா ஏறக்குறைய சரிபாதியாக உச்சியில் வெளிறிக் கிடந்தது. கிழக்கே சூரியன். நடுவில் ஒன்றுமில்லை. பூமியின் நிழல் என்று ஒன்று இருந்தால் அது மேற்கே எங்கோ கீழே கிடக்க வேண்டும். நிலாவை எட்டிப் பார்க்கக்கூட அதற்கு வழியில்லை.

நேற்றைய பந்து பைக்குள்ளேயே இருந்தது. என்ன தோன்றியதோ, எடுத்து நிலாவுக்கு நேராகப் பிடித்தேன். வெயில் பந்தின் ஒரு பாதியில் பட்டது. மறுபாதி மங்கல்.

பந்தும் நிலாவும் ஒரே மாதிரி இருந்தன. அதே பாதி. அதே பக்கம்.

குருவி வெளியே வந்துவிட்டாள். “டீச்சர், நிழலே வேணாமே! வெயில் படற பக்கம் வெள்ளையா இருக்கு, படாத பக்கம் இல்ல. அவ்ளோதான்.”

அவ்வளவுதான். வெயில் படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவு தெரிகிறது. பூமியின் நிழல் விழுவது கிரகணத்தன்று மட்டும்.

மூன்று வருடம். நூறு பிள்ளைகளுக்குக் குறையாது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் — சீ, இதுவும் ஒரு சமாதானமா? விடைக்குறிப்பு எழுதியவனுக்கும் யாரோ அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

“அக்கா, அவ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு” என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் வாயைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

எட்டரைக்கு வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். உருண்டையாகக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பந்து, கசக்கிய காகிதம், ஒருத்தன் கையில் பாதி தின்ற கொய்யா. எல்லோரும் மேற்கே கையை நீட்டி, ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தார்கள். முப்பத்து நாலு பாதி நிலா. கத்தல் தாங்கவில்லை.

“புதன்கிழம நான் சொன்னது தப்பு. குருவி கேட்டதுதான் சரி” என்றேன்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், “அப்ப டீச்சருக்கு முட்டையா?”

“முட்டைதான்.”

இவ்வளவு மகிழ்ச்சியாக அவர்களை நான் பார்த்ததில்லை. குருவி மட்டும் சிரிக்காமல் ரொம்பக் கவனமாக, நான் கொடுத்த பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விழுந்தால் நிலாவே விழுந்துவிடும் என்பதைப்போல.

பதினொரு மணிக்குப் பள்ளி உதவியாளர் வந்து அவள் பையைக் குடோனுக்கு எடுத்துப்போனார். பின்னாலேயே அவளும் போனாள். என் ரப்பர் பந்து இன்னும் அவள் கையில். நான் திருப்பி வாங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

மேலலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்ல சூடான கடிதம். தலைமையாசிரியை நின்றபடியே படித்தார்.

“இருபத்தாறு வருஷமா நானும் இந்த நிலாவப் பாத்துட்டுதான்மா ஸ்கூலுக்கு வர்றேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

“தெரிஞ்சா ஏன் மேடம் —”

“போன தடவ ஒரு கணக்குக்கு விடைக்குறிப்பு தப்புன்னு மேல எழுதினேன். எங்க எல்லா வகுப்பையும் திருப்பித் தேர்வெழுத வச்சாங்க. பன்னெண்டு பேர் குடோனுக்குக் கூடுதலாப் போனாங்க.”

எனக்கு இது தெரியாது. ஆனாலும் அவர் கடிதத்தைத் திருப்பித் தராமல் உறையில் போட்டு முத்திரை குத்தினார்.

ஜூலை 23, புதன்

பதில் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

அக்கா கடிதத்தின் நகலைப் படித்தாள். “எல்லாம் சரி. உன் தப்ப எங்கடி எழுதியிருக்க?”

“அது எதுக்கு அவங்களுக்கு?”

“எங்க லேப்ல ரெண்டு பேர் ரத்தம் மாறிப்போச்சுன்னா, மிஷின் தப்பு பண்ணா மட்டும் எழுதணும், நான் பண்ணா எழுத வேணாமா?”

கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் சொல்வது சரி என்பதால்தான் அவ்வளவு பலமாகச் சாத்தினேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஓய்வு மணியில் குடோனுக்குப் போனேன். பதினைந்து பிள்ளைகள். ரிக்‌ஷா ஓட்டுகிறவர் மகள், மூட்டை தூக்குகிறவர் மகன், துணி தேய்க்கும் வீட்டு இரட்டையர். அறிவுக்கு ஒரு பட்டியல் போட்டால் இவ்வளவு கச்சிதமாக ஏழைகள் மட்டும் எப்படி வந்து விழுகிறார்கள்? தற்செயலாம்!

குருவி மூலையில் இருந்தாள். “நிழல் எந்தப் பக்கம் விழும், சொல்லு பாப்போம்?” என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று.

“நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

பத்து நாள்தான். பத்தே நாளில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பள்ளி விடும் நேரம். மறுபடி பாதி நிலா, இந்த முறை கிழக்கே. இப்போது மேற்குப் பார்த்த பக்கம் வெள்ளை. சூரியன் அங்கேதானே இருக்கிறது. வாசலில் குருவியின் அம்மா, வேலைச் சட்டையோடு. மகள் கையைப் பிடித்தபடி என்னிடம் நேராக வந்தாள். சண்டைக்கு வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“டீச்சர், தப்பு பண்ணவங்கள அந்த ரூமுக்கு மாத்துவாங்கன்னு இவ சொல்றா. நீங்களும் தப்புன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீங்களாமே. உங்கள எந்த ரூமுக்கு மாத்துனாங்க?”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அது என் பஸ் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாவது கடிதம். மூன்று வருடம் நான் சொல்லிக்கொடுத்த தப்பை முதல் பத்தியிலேயே எழுதினேன். ‘ஒரு வரிக்காக ஒரு குழந்தை அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் என்னையும் அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் அவளை வெளியே விடுங்கள்.’

தலைமையாசிரியை இந்த முறை உட்கார்ந்து படித்தார். இரண்டு தடவை. “வேலைக்கு ஆபத்தும்மா” என்றார்.

“தெரியும் மேடம்.”

“மணியடிச்சாச்சு. கிளாஸுக்குப் போ.”

“எந்தக் கிளாஸுக்கு?”

முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பதில் இல்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் புதிய கால அட்டவணை ஒட்டியிருக்கிறது, தலைமையாசிரியையின் கையெழுத்தில். மூன்றாம் வகுப்புக்கு அவர் பெயர். சிறப்புப் பயிற்சி அறைக்கு, முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை, என் பெயர்.

தண்டனையா? உதவியா? கேட்கப் போனேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் அந்தக் குண்டு பல்பு தயாராக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

குடோனின் ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது. கழிப்பறைச் சுவருக்கு மேல் ஒரு முழம் வானம் தெரியும். காலையில் நிலா அதற்குள் வந்து நின்றது. பெஞ்சில் ஏறி ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். துணி தேய்க்கும் வீட்டு இரட்டையருக்குள் யார் முதலில் ஏறுவது என்று சண்டை.

குருவி கடைசியில் ஏறினாள். பந்தை நீட்டினாள். சுவர் மறைத்து வெயில் அதில் படவே இல்லை. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சர்.”

“ம்.”

“உங்களுக்கும் ரெண்டு மார்க் கம்மியா?”

“ஆமா.”

“உங்களுக்கு எப்ப திருப்பித் தருவாங்க?”

“உனக்குத் தந்தப்புறம்.”

யோசித்தாள். பிறகு கீழே இறங்காமலே, “நிலாவுக்கு அந்தப் பக்கம் யாராச்சும் நின்னா அவங்களுக்கு இன்னிக்கு வெயில் இருக்குமா, இருட்டா?” என்றாள். எனக்கு உடனே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரையும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

இரண்டு கடிதங்களுக்கும் இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. மதியம் மூன்றாவதை எழுதி நானே தபாலில் போட்டேன். இந்த முறை கோபமாக எதுவும் எழுதவில்லை. அவள் விடைத்தாளை நகலெடுத்து வைத்து, அடியில் இரண்டே இரண்டு வரி:

காலை எட்டு மணிக்கு உங்கள் அலுவலகத்தின் படியிறங்கி மேற்கே பாருங்கள். பார்த்துவிட்டு, இந்தக் குழந்தையின் இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.