பால் ஜாயின்ட் மாற்றிய வாரம்

என் செல்விக்கு,

உன் பழைய காரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் விசாரித்திருப்பாய். என்னை அப்புறம்தான்.

முடிச்சூர் ரோட்டில் மழைத்தண்ணீர் வடிந்த பிறகு முன்சக்கரத்துப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் 'லொடக்' என்று காலடியில் இடிக்கும். பின் சீட்டில் உன் அம்மா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை தண்ணி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய், காத்திருந்து, அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைக்கிறேன். மறுநாள் படப்பையில் வேலை. நீ போனதிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. ரொம்பக் களைத்துவிட்டேன், செல்வி.

மெக்கானிக் பாபு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

"ரெண்டு பக்கமும் வீலப் புடிச்சிகினு இருக்கற பால் ஜாயின்ட் போயிடுச்சு சார். ரப்பர் கிழிஞ்சு உள்ள தண்ணி பூந்துகீது. இப்டியே ஓட்டிகினு போனா வீல் மடங்கி ரோட்லயே உட்காந்துரும். பழைய மாடலு, சாமான் வர வரைக்கும் வண்டிய எடுக்காத."

உள்ளே அத்தை இருக்கும்போது மடங்கியிருந்தால்? அந்த நினைப்பிலேயே வீட்டுக்கு நடந்து வந்தேன்.

மறுநாள் ஆட்டோவில் போனோம். திரும்பும்போது அவருக்கு இரண்டு முறை வாந்தி. என் தோளில் சாய்ந்தபடியே வந்தார். சாயங்காலம் பெங்களூரிலிருந்து உன் தம்பி குமார் போன் பண்ணினான்.

"மாமா, நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படணும்? அம்மாவ நான் கூட்டிட்டு வந்துடறேன். அந்த வண்டியயும் வித்துடுங்க."

"சரிப்பா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. அது தப்பா, செல்வி?

உள்ளே அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் போனபோது புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

சாமான் வந்து, பாபு இரண்டு பக்கமும் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார். குமார் வருவதற்குள் இன்னும் ஒரு தடவை மேடவாக்கம் போக வேண்டியிருந்தது. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினோம். ஒன்றும் இடிக்கவில்லை. அத்தை கண்ணைத் திறந்தார்.

"சத்தத்தக் காணோமே மாப்ள?"

"மாத்தியாச்சு அத்தை."

முன் சீட்டின் முதுகைக் கையால் தடவினார். அப்புறம் சொன்னார்: "அவ ஓட்டின வண்டி. இதுல உட்காந்தா அவ முன்னாடி இருக்கற மாதிரியே இருக்கும். எனக்குப் போக மனசு இல்ல. ஆனா உங்க மூஞ்சப் பாத்தா இங்கயே இருக்கேன்னு சொல்லவும் மனசு வரல."

ஏரிப் பக்கமாக வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். உன் காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. என் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார்.

"டேய் குமாரு, நான் எங்கயும் வரல. நீ இங்க வா. கம்ப்யூட்டர் வேலதான, உங்க அக்கா வூட்ல உட்காந்து பண்ணு. மாசத்துல ஒரு வாரம் நீ என்னக் கூட்டினு போ. மாமா கொஞ்சம் தூங்கட்டும்."

மறுமுனையில் அவன் என்னவோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

குமார் வந்துவிட்டான். முதல் நாள் அம்மாவைக் கூட்டிப் போய் வந்தவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தான். "மேடவாக்கம் சிக்னல்லயே பாதி உசுரு போச்சு மாமா. நீங்க எப்படி இத்தன நாளா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அன்று பகல் முழுவதும் நான் தூங்கினேன். கனவு வரவில்லை. நீயும் வரவில்லை. பரவாயில்லை.

உன் வண்டியை விற்க மாட்டேன். அத்தை எங்கே இருக்க ஆசைப்படுகிறாரோ அங்கேயே இருப்பார். எனக்கு முடியாத நாளில் முடியவில்லை என்று குமாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
உன் அம்மாவின் மாப்பிள்ளை