நாற்பது மீட்டரில் நான் இல்லாத இருபத்தைந்து நிமிடம்

ஆக. 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஆராதனை முடிந்து நேராக ஒக்கலிபுரம். ராவ் வீட்டுக் கொட்டகையில் வானொலிச் சங்கக் கூட்டம். ஒன்பது பேர். சைக்கிள் சீட் நனைந்து கால்சட்டை ஈரம். கூட்டம் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன்.

செயலாளர் ராவ் வாசித்த செய்திகள்:

– லைசென்ஸ் பரீட்சைக்கு மூன்று பேர். மோர்ஸ் தந்திக்குறி சொல்லிக்கொடுக்க ஆள் தேவை.

– பழைய மிலிட்டரி ரிசீவர் ஒன்று விற்பனைக்கு. வால்வு இரண்டு போனதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

– வடக்கே வெள்ளம். ரயில் பாதை அறுந்துவிட்டது, தந்திக் கம்பியும் போய்விட்டது. நம் சங்கத்துக் கணேசன் பேட்டரி வானொலி செட்டோடு அங்கே கால்வாய்க் கூலிக்காரர் முகாமில். தினம் மாலை 6 முதல் 7 வரை நாற்பது மீட்டர் அலைவரிசையில் கூப்பிடுவான். பெங்களூரில் ஒருவர் அந்த ஒரு மணி நேரமும் நகராமல் கேட்டு, செய்தியை எழுதி, உரிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"ஏனப்பா, யாரும் இல்லவா?" என்றார் ராவ். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். திங்கள், செவ்வாய், புதன் எனக்கு. மிச்ச நாள் பக்கத்தில் நின்ற இப்ராகிமுக்கு. ராவ் கை தட்டச் சொன்னார். உள்ளபடி எழுதினால், கை தட்டுவார்கள் என்றுதான் தூக்கினேன்.

வெளியே வரும்போது இப்ராகிம் சொன்னது: தெற்குக் கடலில் ஆளில்லாத ஒரு தீவுக்கு நாலைந்து பேர் செட்டோடு போயிருக்கிறார்களாம். செவ்வாய் வரைதான். இருபது மீட்டர் அலைவரிசையில், மாலை ஆறேகால் சுமாருக்கு நன்றாகக் கேட்கிறதாம். எங்கள் கணக்கில் அப்படிப்பட்ட தீவும் ஒரு நாடு; நான் இதுவரை பேசியது தொண்ணூற்றொன்பது நாடு. நூறாவதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. சங்கத்தில் யாரிடமும் அது இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி ரெபேக்காவிடம் சொன்னேன். துவரம்பருப்பு எங்கே என்றாள். மறந்துவிட்டேன்.

ஆக. 4, திங்கள்

மழை இல்லை. ஆபீசில் டிராயிங் இரண்டு முடித்தேன். 5.20க்கு வீடு. காப்பி. 6க்கு செட்.

கணேசனின் மோர்ஸ் மெலிவு, ஆனால் தெளிவு. இரண்டு செய்தி. ஒன்று எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே, பக்கத்துத் தெரு. மற்றது நீலசந்திரா, தனலட்சுமி என்கிற பெண்ணுக்கு. புருஷன் முருகேசனுக்குக் காய்ச்சல், முகாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பயப்பட வேண்டாம்.

சைக்கிளில் போனேன். குழாயடியில் விசாரித்தால் நாலு பேர் கூடவே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். காய்ச்சல் என்ற இடத்தில் மட்டும் மூன்றாம் முறை.

நாளைக்கும் சேதி வருமா என்று கேட்டாள். "ஆறு மணிக்கு நான் அங்கயேதான் உக்காந்திருப்பேன்மா. வந்தா உடனே கொண்டாரேன்" என்றேன். கூட வந்தவர்கள் முன்னால் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன்.

ஆக. 5, செவ்வாய்

வெயில். காற்று.

நூறு! கிடைத்துவிட்டது!

6க்குக் கணேசன் வரவில்லை. 6.05, 6.10, வெறும் இரைச்சல். 6.12க்கு செட்டில் நாற்பது மீட்டர் சுருளைக் கழற்றி இருபதை மாட்டினேன். ஒன்று இருந்தால் மற்றது கேட்காது. ஐந்தே நிமிடம் என்று. தீவு கணீரென்று கேட்டது. உலகமே அதைக் கூப்பிடுகிறது. நான் கூப்பிட்டேன், ஆறு முறை, ஏழு முறை. விட மனமில்லை. 6.34க்குத் தீவுக்காரன் என் பேர் சொல்லிப் பதில் கொடுத்தான்.

6.37க்குத் திரும்ப நாற்பது. சத்தமே இல்லை. ஏழுக்கு அணைத்தேன். சங்கத்துப் பதிவேட்டில்: "6 முதல் 7 வரை கேட்டேன். செய்தி இல்லை." தீவை மட்டும் வேறு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏழரைக்குத் தனலட்சுமி எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். நீலசந்திராவிலிருந்து விசாரித்துக்கொண்டு நடந்தே. ஒன்றும் வரவில்லை என்றேன். வராமலிருந்தால் நல்லதுதானே என்றாள். ஆமாம் என்றேன்.

ஆக. 6, புதன்

எப்படி எழுதுவது.

கணேசன் 6க்கே வந்தான். முதல் வார்த்தையே, நேற்று எங்கே போனாய் என்று. 6.13 முதல் 6.35 வரை விடாமல் கூப்பிட்டிருக்கிறான். பிறகு பேட்டரி இறங்கிவிட்டது. நேற்றைய செய்தி: முருகேசன் நிலை மோசம், பெண்டாட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறான், புதன் காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷன் எதிரிலிருந்து புறப்படும் நிவாரண லாரியில் அவளை ஏற்றி அனுப்பு.

அந்த லாரி இன்று காலை ஆறு மணிக்குப் போய்விட்டது. அடுத்தது வெள்ளி.

மின்னல் இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை என்று மோர்ஸில் அடித்தேன். நேற்று இங்கே மின்னல் ஏது. அவன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டான்.

நீலசந்திரா. வாசித்தேன். அவள் அழவில்லை. "நேத்தே தெரிஞ்சிருந்தா காலையில லாரியில போயிருப்பேனே சார்" என்றாள். காற்று சரியில்லை, அலை வரவில்லை என்று ஏதேதோ சொன்னேன். "அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். உட்காரப் பாய் போட்டாள். உட்கார முடியவில்லை.

ஆக. 7, வியாழன்

தூக்கமில்லை. ஆபீசில் அளவு தப்பி ஒரு டிராயிங் வீண். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு லாரி ஷெட்டுகளில் விசாரித்தேன். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, பாலம் இல்லை, நிவாரண லாரிக்கு மட்டும் அனுமதி.

ரெபேக்காவிடம், செவ்வாயன்று அலை சரியில்லை என்று ஆரம்பித்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாக்கெழம நீங்க உள்ள சிரிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆக. 8, வெள்ளி

5.30க்கு ஸ்டேஷன் எதிரில். தனலட்சுமியும் அவள் தம்பியும். கையில் ஒரு துணிமூட்டை, பிளாஸ்கில் கஞ்சி. பிளாஸ்க் யாரிடமோ இரவல் வாங்கியது. டிரைவர் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். கும்பிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. லாரி கிளம்பும் நேரம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மாலை 7.15. இப்ராகிம் சைக்கிளில் வந்தான். கணேசன் கொடுத்த செய்தி: இன்று நடுப்பகலில் முருகேசன் போய்விட்டான். முகாமில் வைத்திருக்க முடியாது, மாலையே அடக்கம். லாரி ராத்திரிதான் போய்ச் சேரும்.

புதன் லாரியில் போயிருந்தால் ஒன்றரை நாள் பக்கத்தில் இருந்திருப்பாள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

ஆக. 10, ஞாயிறு

மேகமூட்டம். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. சங்கத்துக்குப் போகாமலிருக்கப் பார்த்தேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

ராவ் இந்த மாதச் சங்கச் செய்திமடலுக்கு எழுதியதை வாசித்தார். அதில் நான் இருக்கிறேன். ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் மூன்று நாளும் இடத்தை விட்டு அசையாமல், இரைச்சலையும் பொருட்படுத்தாமல்... புதிதாகச் சேருபவர்கள் இதைப் பார்த்துக் கற்க வேண்டுமாம். பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டார். என் பொய் ஒன்பது பேர் கையிலும் போய் வந்தது.

"அரே தேவசகாயம், அந்தத் தீவு கெடைச்சுதா?" என்றான் இப்ராகிம். கிடைக்கவில்லை என்றேன். பாவம், அவன் எனக்காக வருத்தப்பட்டான். வீட்டுக்கு வந்து, தீவைக் குறித்திருந்த தாளைக் கிழித்தேன். தியாகம் மாதிரி இருக்கிறது, எழுதிப் பார்த்தால். தியாகமெல்லாம் இல்லை. அதில் 6.34 என்று நேரம் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆக. 11, திங்கள்

ராவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். செவ்வாய் நடந்தது முழுவதும், நேரத்தோடு. என் பேரை எடுத்துவிடச் சொல்லி. தபால் பெட்டியில் போட்ட பிறகும் கையைப் பெட்டி மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

துவரம்பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கினேன்.

ஆக. 12, செவ்வாய்

நல்ல மழை.

தனலட்சுமி திரும்பிவிட்டாளாம். தேடிப் போக நினைத்துக் குடையை எடுத்தேன். அவளே வந்துவிட்டாள், தம்பியோடு, நனைந்துகொண்டு. ரெபேக்கா துண்டு கொடுத்தாள். லாரியில் இடம் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தாளாம்.

முகாமில் கணேசன் சொன்னதை அவள் சொன்னாள். போன செவ்வாய், முருகேசனைக் கட்டிலோடு தூக்கி வந்து செட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்களாம். அவன்தான் அப்படிக் கேட்டுக்கொண்டானாம். பெங்களூர் பதில் சொல்கிறதா, பெங்களூர் பதில் சொல்கிறதா என்று பேட்டரி இறங்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"உங்களுக்குக் கொஞ்சங்கூடக் கேக்கலியா சார்?"

"நான் அங்க இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டேன். ஒரு தீவிலிருந்து பேசினார்கள், அதைப் பிடிக்கப் போயிருந்தேன், இருபத்தைந்து நிமிடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி எழுந்து நின்றான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

புரிந்துகொள்ளத்தான் பார்த்தாள்.

"அந்தத் தீவுல உங்களுக்கு யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."