நான்காம் மாடியின் பச்சைக் கதவுகள்

மார்ச் 4, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து, எதிர் மலைச்சரிவுக் கட்டடத்தில் நான்காம் மாடி ஜன்னலின் பச்சைக் கதவுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். திறந்திருந்தன. எர்சிலியா அம்மாள் எழுந்துவிட்டார். அதன் பிறகுதான் எனக்குக் காபி.

அந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. விற்றுவிட்டாலும் அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே குடியிருப்பார், பிறகுதான் வீடு வாங்கியவர்களுக்கு. ஜெனோவாவில் கடல் தெரியும் வீடு பாதி விலைக்கு வருவது இப்படித்தான். இப்படிப்பட்ட வீடுகளை விற்றுத்தரும் எங்கள் அலுவலகத்தின் முதலாளி கொர்ராடோ என்னையும் விடவில்லை: "விக்கிறவங்க காசு உள்ள கிடந்தாத்தான் வாங்குறவன் நம்புவான், ஓர்னெல்லா." அப்பா விட்டுப்போனதையெல்லாம் போட்டுவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

மறுபடியும் அதே கனவு. காலி வீடு. கடல் மாடிப்படி ஏறி வருகிறது, வாசலில் ஈரக்காலோடு தயங்கி நிற்கிறது, பிறகு உள்ளே நுழைகிறது. நான் நீலத் திரை மாட்டிக்கொண்டிருக்கிறேன். விழித்த பிறகும் விரலில் துணியின் வழவழப்பு.

எர்சிலியா அம்மாள் எங்கே போனார் என்று கனவில் நான் கேட்பதே இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. புதிதுதான் போடவேண்டுமாம். இந்த மாதிரிப் பெரிய செலவு குடியிருப்பவருக்கு இல்லை, சொந்தக்காரர்களுக்கு — எங்களுக்கு. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. மற்ற வீட்டுக்காரர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எங்கள் சார்பில் நான் போகவேண்டும்.

"கையத் தூக்கிடாத," என்றார் கொர்ராடோ. "செலவும் மிச்சம். நாலு மாடிப் படி... அது பாட்டுக்கு அது வேலையப் பாத்துக்கும்."

சிரித்தார். நானும் — ஏன் சிரிச்சேன்?

மார்ச் 28, வியாழன்

எர்சிலியா அம்மாள் இப்போது கீழே இறங்குவதில்லை. கயிற்றில் கூடை இறக்குகிறார். ரொட்டிக்கடைக்காரர் ஃபொக்காச்சா வைத்து அனுப்புகிறார். இன்று அந்த ரொட்டியை நானே எடுத்துக்கொண்டு படியேறினேன்.

"வாம்மா, முதலாளியம்மா! மூச்சு இருக்கான்னு பாக்க வந்தியா? இருக்கு. மன்னிச்சுக்கோ."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"இப்ப உனக்குத்தான் இரைக்குது. உக்காரு, காபில தோய்ச்சுத் தின்னு."

பிறகு ஜன்னலைக் காட்டினார். "லிஃப்ட் மட்டும் வரட்டும், ஜூன்ல இறங்கிப் போய்க் கடல்ல ஒரு முங்கு போடுவேன். உப்புத்தண்ணி பட்டா இன்னும் பத்து வருஷம் கெட்டியா இருப்பேன். பாத்துக்கோ, உனக்குத்தான் நஷ்டம்!"

அவருடைய திரை நீலம். வெளுத்துப் போனதால் இத்தனை நாள் வெள்ளை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

மழை. கனவில் திரை மாட்டக் கை எழவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

கதவுகள் மூடியிருந்தன.

மூடுபனியோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இல்லை, மூடித்தான் இருந்தன. காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. அசையாமல் நின்றேன். உண்மையச் சொல்லு, என்ன வேணும் உனக்கு? ஒரு கணம் — ஒரே ஒரு கணம் — அந்தக் காலி அறை தெரிந்தது.

பிறகு ஒரு கதவு திறந்தது. ஒரு கை. கூடை மெல்ல மெல்ல இறங்கியது. என் மூச்சும் கூடவே இறங்கியது.

நாளை மாலை கூட்டம். நான் கை தூக்குவேன். கொர்ராடோவிடம் சொல்லவில்லை, எர்சிலியா அம்மாளிடமும் சொல்லவில்லை. வேலை போனாலும் போகும்.

பத்து வருடம். எனக்கு அப்போது ஐம்பத்தாறு. திரைக்கு ஒன்றும் அவசரமில்லை.