பதினைந்துக்கு எதிர் ஓட்டு

அன்புள்ள முன்வரிசைக்காரிக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலம் என்பதை நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கொஞ்சம் கூடுதலாகவே நலமாக இருக்கிறாய் போலிருக்கிறது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் பேங்கில் யாராவது கையெழுத்துக்கு வந்து நிற்கிறார்கள். “சரி, வைக்கட்டுமா?” என்கிறாய். எனக்குச் சூடு பிடிக்க நேரமாகும் என்பது உனக்குத் தெரியாததா? காகிதத்துக்குப் பொறுமை அதிகம். எவ்வளவு நேரம் ஆனாலும் எழுதவிடும்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, அதற்குப் பதிலாகச் சமையலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. பால்கனிச் செடிகளில் நீ சொன்ன மூன்றும் பிழைத்துவிட்டன, சொல்லாத ஒன்று போய்விட்டது. வேலையில் வழக்கம்போல்தான். போன வாரம் துணிக்கடைக் கட்டிடத்து லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடி. வியர்க்க விறுவிறுக்க நான் கதவை நெம்பித் திறந்தால், “அதுக்குள்ளயா?” என்று கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை மாற்றலில் பெண்டாட்டியை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவன் கண்ணில் இதெல்லாம் படாமல் இருக்குமா?

சரி, படத்துக்கு வருகிறேன். கோப்பை பெரிய கோப்பைதான். வாழ்த்துகள். அதற்கு இரண்டு கைப்பிடி இருப்பதையும் பார்த்தேன். ஒன்றை நீ பிடித்திருக்கிறாய், இன்னொன்றை உன்னோடு ஜோடியாக ஆடுகிற அந்தப் பல் டாக்டர் பிடித்திருக்கிறார். கோப்பை செய்கிறவர்களுக்கு அறிவே கிடையாது. ஒரு கைப்பிடி போதாதா? அந்த மனிதர் வேறு எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். தொழில் விளம்பரம் போல.

உன் ஊர் பாட்மிண்டன் கிளப்பில் உனக்குக் கலப்பு இரட்டையரில் ஆட ஆள் கிடைத்தது என்று நீ முதலில் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னேன். பொய். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வாய்க்கு வாய் டாக்டர் சொல்கிறார், டாக்டர் சொல்கிறார் என்று ஆரம்பித்தாய். டாக்டர் முதல் பாயிண்டிலிருந்தே பாய்கிறாராம். பதினைந்து பாயிண்ட் ஆட்டம்தான் எதிர்காலம் என்கிறாராம். அவர் சொல்வதை யார் மறுப்பார்கள்? எதிரில் இருப்பவன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுப் பேசுகிற தொழில் அவருடையது.

இப்போது முக்கியமான விஷயம். அந்த நோய் இங்கேயும் வந்துவிட்டது. கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு தீர்மானம் தொங்குகிறது. வருடாந்தரக் கலப்பு இரட்டையர் போட்டியில் இந்தத் தடவையிலிருந்து ஒரு கேம் இருபத்தொரு பாயிண்டுக்குப் பதிலாகப் பதினைந்தாம். யார் கொண்டுவந்தது என்று தலைவரிடம் கேட்டேன். நம் மருந்துக்கடைக்காரர்தான் இந்த வருடமும் தலைவர். ஆள் அசைந்து கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடக் கூடாது என்பதற்காகத்தானே நம் கிளப்பில் தீர்மானத்தைப் பேரில்லாமல் மாட்டுகிறோம், அந்த வழக்கத்தை நீங்களே உடைக்கலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தெரியாமல் போகுமா? போன மாதம் உன் தம்பி உன்னைப் பார்க்க வந்தானே, டாக்டரோடு இரண்டு கேம் ஆடிவிட்டு இங்கே திரும்பி வந்து புகழ்ந்து தள்ளினானே. என் மச்சினன் வாய் வழியாகப் பல் டாக்டர் என் கிளப்புக்குள் நுழைகிறார். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்று கோப்பை வாங்கியது போதாமல், என் கோர்ட்டின் கணக்கையும் மாற்றப் பார்க்கிறார்.

நீயே நியாயம் சொல். சர்வீஸ் போட்டவனுக்குத்தான் பாயிண்ட் என்றிருந்த பழைய முறையை மாற்றியபோது நான்தான் முதலில் குதித்தேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு இருபத்தொன்றைப் புகழ்ந்ததும் நான்தான். இருபத்தொன்று மனுஷனுக்கு ஏற்ற கணக்கு. ஏழு பாயிண்ட் தூங்கலாம், ஏழு பாயிண்ட் சோம்பல் முறிக்கலாம், ஏழு பாயிண்ட் ஆடலாம். நம் ஆட்டமே அப்படித்தானே? என் ஸ்மாஷ் எல்லாம் முதலில் வலையில்தான் போய் விழும். நீ முன்னால் நின்று தனியாகச் சமாளிப்பாய். எதிராளி பதினொன்று எடுத்ததும் இடைவேளை விடுவார்கள். நீ தண்ணீர் பாட்டிலை நீட்டி, “என்னங்க, வந்தாச்சா?” என்று கேட்பாய். அதற்கப்புறம்தான் நான் வருவேன். நம் அலமாரியில் இருக்கிற கோப்பை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு வாங்கியது.

பதினைந்து என்றால் எட்டிலேயே இடைவேளை. எட்டில் நான் எங்கே இருப்பேன்? வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருப்பேன். எனக்குச் சூடு பிடிக்கும்போது எதிராளி கை குலுக்க வந்துவிடுவான். முதல் பாயிண்டிலேயே பாய்கிறவர்களுக்காகச் செய்த கணக்கு அது. அவர்களோடு ஆடிப் பழகிய கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன் என்று யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. நான் பேசப் போகிறேன். அந்தத் தீர்மானத்தைப் பலகையிலிருந்து கழற்றாமல் வீடு திரும்பமாட்டேன். நீ லீவில் வரும்போது நம் போட்டி நம் கணக்கிலேயே நடக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இனிப்பைக் குறை. பல் சொத்தையானால் இங்கே வந்து காட்டிக்கொள்ளலாம், நம் ஊரிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
பின்வரிசைக்காரன்


என் முன்வரிசைக்கு,

“கடிதம் கிடைச்சுது, படிச்சேன், உங்க இஷ்டம்” என்று மட்டும் போனில் சொன்னாய். நீ “உங்க இஷ்டம்” என்று சொன்னால் அது என் இஷ்டம் இல்லை என்பது இத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இதிலும் சூடு பிடிக்க நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்துவிட்டேன். எப்படிப் பேசினேன் என்று இப்போது எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் உனக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோர்ட் ஓரத்தில் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, இந்த யோசனையைச் சொன்னவருக்கு ஆட்டத்தின் மேல் ஆசை கிடையாது, சீக்கிரம் வீட்டுக்குப் போவதில்தான் ஆசை என்றேன். சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது. இருபத்தொன்று ஆட மூச்சில்லாதவர்கள் கேரம் ஆடட்டும், போர்டு என் செலவில் வாங்கித் தருகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே தரையைப் பார்த்தார். உன் தம்பி சிரிக்கவில்லை. பல் டாக்டரின் ஆள் சிரிப்பானா என்று நினைத்துக்கொண்டேன். கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக உன் தம்பியையும் இன்னும் நாலைந்து பேரையும் தவிர ஒரு கையும் எழவில்லை.

வண்டி நிறுத்துகிற இடத்தில் உன் தம்பியைப் பிடித்து நிறுத்தினேன். உன் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல், அவர் பருப்பு இங்கே வேகாது என்றேன். அவன் மாட்டப்போன ஹெல்மெட்டை வண்டி மேலேயே வைத்துவிட்டான். “மாமா, அது டாக்டர் தீர்மானம் இல்ல. அக்கா தீர்மானம். அக்காதான் தலைவருக்குப் போன் பண்ணிக் குடுத்தா. வலது முட்டி போயிடுச்சு மாமா. மூணு கேம் இருபத்தொண்ணு ஆடினா மறுநாள் பேங்க் படி ஏற முடியல. பதினஞ்சுன்னா தாங்கும்” என்றான்.

நான் அவனிடம் கோபமாக ஏதோ கேட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றுதான் இருக்கும். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. “சொன்னா நீங்க ஆட்டத்தையே விட்டுடுவீங்களாம். வேற யாரோடயும் ஆட மாட்டீங்களாம். அந்தாளை நான் எட்டுல எழுப்பிக்கிறேன்டா, நீ வாயை மூடிட்டு ஓட்டு மட்டும் போடுன்னா அக்கா.”

எட்டில் எழுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். உன் கணக்கில் நான் இருந்திருக்கிறேன். நான்தான் உனக்குக் கேரம் போர்டு வாங்கித் தருவதாக ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பொறாமை ஓர் இம்மியும் குறையவில்லை, கூடியிருக்கிறது. உன் முட்டி வலி யாருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது? உன் தம்பிக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். அந்த டாக்டருக்குத் தெரியும், அவர்தான் முதலில் கண்டுபிடித்து எலும்பு டாக்டரிடம் அனுப்பினாராம். பல் டாக்டருக்கு முட்டியில் என்ன வேலை? உன் காலை அவர் கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இங்கிருந்து போகும்போதே லேசாக இருந்ததாம் என்கிறான் உன் தம்பி. ஒரே வீட்டில், ஒரே கோர்ட்டில், உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கோப்பையின் கைப்பிடிகளையே பார்த்திருக்கிறேன். இப்போதுதான் கீழே பார்த்தேன். வலது காலைத் தரையில் சும்மா தொட்டு வைத்திருக்கிறாய், முழு எடையும் இடது காலில் இருக்கிறது. கோப்பையின் பாரத்தை அவர் தன் பக்கம் சாய்த்து வாங்கிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

மறுநாளே தலைவரின் கடைக்குப் போனேன். மறுபடி ஓட்டு வையுங்கள் என்றேன். தோற்ற தீர்மானம் ஒரு வருடத்துக்குத் திரும்ப வரக் கூடாது, எதிர்த்துப் பேசியவரே கொண்டுவந்தால் மட்டும் வரலாம் என்றார். அந்த விதியையும் நான்தான் எழுதினேனாம். ஆகவே இப்போது பலகையில் அதே தீர்மானம் மறுபடி தொங்குகிறது. பேர் இல்லை, ஆனால் கொண்டுவந்தது யார் என்று கிளப்பில் தெரியாத ஆளே கிடையாது. நான் உள்ளே நுழைந்தால், “கேரம் போர்டு வந்துட்டுதா சார்?” என்கிறார்கள். கேட்கட்டும். இந்த ஞாயிறு நான் மறுபடி பேசவேண்டும். போன தடவை பேசியதை எல்லாம் நானே மென்று விழுங்கவேண்டும். உன் முட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன். இருபத்தொன்று ஆட எனக்கே மூச்சில்லை என்று சொல்லிவிடுகிறேன். நம்புவார்கள்.

தீர்மானம் நிறைவேறினாலும் சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் முதல் ஏழு பாயிண்ட் தூங்கினால் நீ முன்னால் நின்று தனியாக ஓடவேண்டியிருக்கும். இத்தனை வருடம் அப்படித்தான் ஓடினாய். அந்த முட்டி எப்படிப் போனது என்று நீ சொல்லமாட்டாய், நானும் கேட்கப் போவதில்லை. அதனால் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். கட்டிடங்களில் வேலைக்குப் போனால் மேலே மோட்டார் அறைவரை படியில்தான் ஏறுகிறேன். லிஃப்ட் மெக்கானிக் படியில் ஏறுவதைப் பார்த்த ஒரு காவலாளி, லிஃப்ட் ரிப்பேர் என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். கிளப்புக்கு மற்றவர்களுக்கு முன்பே போய் விளக்கைப் போட்டு, வியர்த்துக் கொட்டும்வரை காலிக் கோர்ட்டில் தனியாக ஓடுகிறேன். உன் தம்பி முதல் சர்வீஸ் போட வரும்போது எனக்கு ஏற்கெனவே சூடு பிடித்திருக்கிறது. நேற்று முதல் ஸ்மாஷே உள்ளே விழுந்தது. அவன் பயந்துபோய், “மாமா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டான்.

உனக்கு ஒரு வேண்டுகோள். கீழே விழுந்த ஷட்டிலைக் குனிந்து எடுக்காதே. டாக்டர் எடுக்கட்டும், அதற்கு மட்டும் அனுமதி. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு. எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. இனிமேல் எங்காவது வலித்தால், எவ்வளவு சின்ன வலியாக இருந்தாலும், முதலில் எனக்குச் சொல். இரண்டாவதாக யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஓட்டு எப்படிப் போனாலும் நீ லீவுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யாதே. இருபத்தொன்றாகவே இருந்தாலும் இந்தத் தடவை முன்பாதி என்னுடையது. இடைவேளையில் பாட்டிலை நீட்டி அந்தக் கேள்வியை நீ கேட்கவேண்டியிருக்காது. நான் வந்தாச்சு. நீ பத்திரமாக வந்து சேர்.

என்றும் உனக்குப் பின்னால் நிற்கும்,
இனி கொஞ்சம் முன்னாலும் வந்து நிற்கப் பழகும்,
உன்னவன்