கடைசி நாலு பக்கம்

போன வாரம் உன் மகள் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தாள். உன் புடவைகளுக்கு அடியில் இருந்ததென்று அந்தப் படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்ததும் உவர்த்தண்ணீர் வாசனை குப்பென்று ஏறியது. முப்பது வருஷமாகியும் தாள்கள் மொறமொறவென்றுதான் இருக்கின்றன. அட்டையில் சிவப்பு முகமூடியும் மஞ்சள் அங்கியுமாக அந்தப் பறக்கும் பெண். அவள் முகத்தில் பாதி உப்புக்கறை.

வானூர் சந்தைக்கு வளையல் வாங்கப் போனவள், பழைய புத்தகக் குவியலிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அப்போதே அது பழசு. கடைசி நாலு பக்கம் கிடையாது. எதிரி அவளுடைய சக்தியையெல்லாம் பறித்துக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். "இனி உன்னால் எழ முடியாது" என்று சிரிக்கிறான். அதோடு கிழிந்துவிட்டது.

"காசு குடுத்து பாதிக் கதைய வாங்கியாந்திருக்கியேடி" என்றேன்.

"மீதிய நான் சொல்றேன், கேளு" என்றாய்.

மரக்காணம் உப்பளத்தில் காலை வேலை முடிந்து கஞ்சி குடிக்கும் நேரத்தில், மோட்டார் கொட்டகையின் நிழலில் பதினோரு பெண்கள் உன்னைச் சுற்றி உட்காருவோம். பத்தாவது வரை போன நான் தடுக்கித் தடுக்கித்தான் படிப்பேன். எட்டாவதோடு நின்ற நீ எல்லாருடைய குரலிலும் பேசுவாய். கிழிந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நிற்பாய். விழுந்தவள் செத்துவிட்டாள் என்று ஊரே நினைக்கும். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு, "எவன்டா சொன்னது முடிஞ்சிடுச்சுன்னு?" என்று கேட்பாள். பெண்கள் கைதட்டுவார்கள். தினமும் அதே கதைதான். தினமும் கைதட்டினோம்.

மேஸ்திரிக்கு அந்தக் கைதட்டல்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் வந்து உன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "உப்பு வார்ற பொம்பளைங்களுக்குப் பொம்ம புக்கு ஒரு கேடா?" என்று உப்புப் பாத்தியில் வீசினார். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாகப் புண் இருந்தது உனக்கு. அந்தக் காலோடு உவர்த்தண்ணீரில் இறங்கிப் புத்தகத்தை எடுத்தாய். ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்தாய். பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிடி உப்பை வைத்தாய். பிறகுதான் திரும்பிப் பார்த்தாய்.

"நாளைக்கும் படிப்பேன்."

"நாளைக்கு நீ வேலைக்கே வராத" என்றார்.

மறுநாள் விடியும்போது எங்களுக்கு முன்பே வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொருத்தியாக வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரும் கூடையைத் தொடவில்லை. அன்றைக்கென்று கிழக்கே கருமேகம் திரண்டிருந்தது. வாரிக் குவித்த உப்பை மேட்டுக்குக் கொண்டுபோய் மூடாவிட்டால் மழையில் எல்லாம் கரைந்துவிடும். மேஸ்திரி கத்தினார். எங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லிவிடுவேன் என்றார். எனக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. ஆமாம், முதலில் எழுந்தவள் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லவில்லை.

நீ என் புடவையைப் பிடித்து இழுத்தாய். "உக்காருடி. பயமா இருந்தா என் கையப் புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டேன்.

முதலாளி வந்தார். "என்னம்மா பிரச்சன?" என்றார், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"கஞ்சி குடிக்கிற நேரம் எங்க நேரமுங்க. அதுல நாங்க படிப்போம், பாடுவோம், சும்மாவும் இருப்போம். அதக் கேக்க இவரு யாருங்க?" என்றாய் நீ.

தூறல் விழ ஆரம்பித்தது. முதலாளி மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார். "படிச்சித் தொலைங்க, மொதல்ல உப்பத் தூக்குங்க" என்றார். அன்றைக்குத் தூக்கியதுபோல் நாம் என்றைக்கும் தூக்கியதில்லை. ஓடி ஓடித் தூக்கினோம், சிரித்துக்கொண்டே. அடுத்த சீசனில் அந்த அளத்தில் உனக்கு வேலை இல்லை என்றார்கள். நீ வேறு அளத்துக்குப் போனாய். நானும் உன்னோடு வந்துவிட்டேன்.

போன வாரம் புத்தகத்தோடு வந்த உன் மகள் போனை நீட்டினாள். "சித்தி, இதோட முழுப் புக்கு இன்டர்நெட்ல கெடச்சிடுச்சு. கடைசி நாலு பக்கம் பாக்குறீங்களா?"

பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு வீரன் பறந்து வருகிறான். விழுகிறவளைக் கையில் ஏந்திக்கொள்கிறான். அவனே எதிரியை அடித்து வீழ்த்துகிறான். அவள் கண்ணீரோடு அவனுக்கு நன்றி சொல்கிறாள். முடிந்தது.

"அம்மா சொன்ன கத வேற" என்று சிரித்தாள் உன் மகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்கம்மா சொன்னதுதான் சரி. இது தப்பா அச்சடிச்சிருக்கு" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த கடைசி மாசத்திலும் யார் தயவும் இல்லாமல் தானாக எழுந்து உட்கார்ந்தவள் நீ. உன்னைப் பார்த்த எனக்குத் தெரியாதா, விழுந்தவள் எப்படி எழுவாள் என்று?

இந்தத் திங்கட்கிழமை அளத்துப் பெண்கள் நாங்கள் ஒன்பது பேர் மனு கொடுக்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். இத்தனை வருஷம் கழித்தும் அளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. மனுவை நான்தான் எழுதினேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.

"வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம். கெளம்புங்க."

"குடுக்கிற வரைக்கும் இங்கதான் இருப்போம் சார்."

அவர் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

நீ இருந்திருந்தால் ஓங்கிச் சொல்லியிருப்பாய். எனக்குக் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலிலேயே சொல்லி முடித்தேன்.